பதினோராவது குப்பி

ஸ்ட்ரால்சுண்ட்,
12 பிப்ரவரி 2017

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ஹென்னிங் எழுதுவது. டோர்ட்டே நலம். நானும் தலையில் தையல் பிரித்து, கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு, துறைமுகம் வரை நடந்துவிட்டு வரும் அளவுக்கு நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று நீ போன் செய்தபோது நான் பேசாமல் டோர்ட்டேயிடம் கொடுத்துவிட்டதற்கு வருத்தப்படாதே. அறுவைக்குப் பிறகு வார்த்தை தலைக்குள் முழுசாகத்தான் இருக்கிறது. வாய்க்கு வரும் வழியில் எங்கேயோ மாட்டிக்கொள்கிறது. நேரில் என்றால் கையைக் காலைக் காட்டிச் சமாளிக்கலாம். போனில் நீ காத்திருப்பது எனக்குக் கேட்கிறது அக்கா. அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுதும்போது மட்டும் கை எப்போதும்போல் ஓடுகிறது. "பேச்சுக்கு ஒரு எடம், எழுத்துக்கு ஒரு எடம். உங்க எழுத்து எடத்தக் கட்டி இன்னும் தொடல" என்றார் டாக்டர். தொடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் வேரோடு எடுக்க முடியாத வகையாம். மறுபடி வளரும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பிறகு ஒரு சோதனைச் சிகிச்சை இருக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார். வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டை உறைய வைத்து டியூபிங்கனுக்கு அனுப்புவார்களாம். அதைப் பார்த்து எனக்கென்றே ஒரு தடுப்பூசி செய்து தருவார்களாம்.

"டியூபிங்கனா? அங்கதானே எங்க அண்ணி..." என்று டோர்ட்டே ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன். ஏன் மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னைக் கேட்காமல் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

உன் இடம்தானா அது? இருபத்தாறு வருஷமாக நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. "எங்க அக்கா ஏதோ குப்பியில மருந்து ஊத்துறா" என்றுதான் கப்பலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
ஹென்னிங்

---

டியூபிங்கன்,
21 பிப்ரவரி 2017

அன்புத் தம்பி ஹென்னிங்குக்கு,

உன் கடிதம் கண்டேன். எழுத்து பழைய மாதிரியே கோணலாக இருந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி. முழங்கால் படியேறும்போது மட்டும் என்னை நினைத்துக்கொள்கிறது, மற்றபடி சுகம்.

நீ கப்பலில் சொன்னது தப்பில்லை. குப்பியில் ஊற்றுவதுதான் என் வேலை. ஆம், என் இடம்தான்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். உன் கட்டியின் அணுக்களில், உன் நல்ல அணுக்களில் இல்லாத சில புரதங்கள் இருக்கும். மாடியில் இருப்பவர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, அவற்றின் சின்னச் சின்னத் துண்டுகளைச் செயற்கையாகச் செய்வார்கள். அந்தத் துண்டுகளைக் கலந்து நாங்கள் குப்பிகளில் நிரப்புவோம். தோலுக்கடியில் ஊசி போட்டால் உன் வெள்ளை அணுக்கள் அவற்றைப் பார்த்துப் பழகும். பழகிய பிறகு தலைக்குள் அதே புரதத்தைக் காணும்போது விடாது. தடுப்பூசி என்று பெயர்தானே தவிர, நோய் வந்த பிறகு போடுவது. உனக்குச் செய்வது உனக்கு மட்டும்தான் பொருந்தும். உலகத்தில் வேறு யாருக்குப் போட்டாலும் பச்சைத் தண்ணீர்தான். எல்லாம் முடிய மூன்று மாதம் ஆகும்.

இனி எழுதுவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. இங்கே பெயர் வராது, எண்தான் வரும். ஆனால் உங்கள் ஊரிலிருந்து இந்த மாதம் வந்தது ஒன்றே ஒன்று. உறவினர் என்றால் மேலிடத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் அந்த எண் பக்கமே என்னை விடமாட்டார்கள். உன் அத்தான் எபர்ஹார்ட் இறந்த பிறகும் நான் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். ஹௌக் என்ற பெயரையும் பாகெல் என்ற பெயரையும் யாரும் முடிச்சுப் போடப் போவதில்லை. குப்பி நிரப்பும், கிருமி நுழையாத தூய அறையில் நாங்கள் நாலு பேர். நாலில் சுத்தமான கை என்னுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். உன்னுடையதை வேறொருத்தர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இங்கே தெரிந்தவர்கள் உண்டா என்று மருத்துவமனையில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லிவிடு.

டோர்ட்டேயின் காலை இனி மிதிக்காதே.

அக்கா,
ரோஸ்வித்தா

---

ஸ்ட்ரால்சுண்ட்,
19 மார்ச் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஹெர்ரிங் மீன் வந்துவிட்டது. பாலம் முழுக்கத் தூண்டில்காரர்கள். டோர்ட்டே தினமும் வறுக்கிறாள், எனக்கு வாடை பிடிக்கவில்லை என்று சொல்ல மனமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து தின்கிறேன். உனக்கும் எங்களுக்கும் உடம்பு எந்தக் குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

வாரத்துக்கு ஐந்து நாள் தலைக்குக் கதிர்வீச்சு. முகத்துக்கு அச்செடுத்து ஒரு வலைமூடி செய்து, மேஜையோடு சேர்த்து இறுக்கிவிடுகிறார்கள். "பேசாம அசையாம இருக்கணும்" என்றாள் அந்தப் பெண். பேசாமல் இருப்பதில்தான் நான் இப்போது கெட்டிக்காரனாயிற்றே.

நீ சொன்ன கேள்வியைத் தாதி கேட்டாள், ஆய்வுக்கூடத்தில் தெரிந்தவர்கள் உண்டா என்று. தலையை இடமும் வலமும் ஆட்டினேன். பொய் சொல்லக்கூட எனக்குப் பேச்சு தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை கப்பல்துறைக்குப் போனேன். கப்பல்களுக்கு வழி காட்டும் பனிக்காலத்துக் கம்ப மிதவைகளை எடுத்துவிட்டுக் கோடைக்கால மிதவைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சை, சிவப்பு, எல்லாம் புதுச் சாயம். பத்தொன்பது வருஷத்தில் இந்த வருஷம்தான் நான் இல்லாமல் கடலுக்குப் போகின்றன. எங்கள் கப்பல்காரன் லோரென்ஸ் மேல்தளத்திலிருந்து கத்தினான்: "என்னடா ஹென்னிங், மண்டையில ஜன்னல் வெச்சுட்டாங்களாமே, உள்ள ஏதாச்சும் இருந்துச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் என்னிடம் இருந்தது, நல்ல பதில். வெளியே வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. டோர்ட்டேயிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஹென்னிங்

---

டியூபிங்கன்,
12 ஏப்ரல் 2017

அன்புத் தம்பிக்கு,

சுகமா? கதிர்வீச்சு முடிந்து முடி கொட்டியிருக்கும், பரவாயில்லை, உனக்கு எப்போதுமே தொப்பிதான் அழகு.

நல்ல செய்தி. உன் கட்டியில் எட்டுப் புரதத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சிலருக்கு இரண்டு மூன்றுகூடத் தேறாது, உனக்கு எட்டு! எட்டும் சரியாகக் கலக்கின்றன, வண்டல் தங்கவில்லை. அடுத்த புதன்கிழமை நான் நிரப்புகிறேன். பன்னிரண்டு குப்பி. இரண்டு சோதனைக்குப் போகும், பத்து உனக்கு. பிறகு பதினான்கு நாள், கிருமி ஏதும் வளர்கிறதா என்று பார்ப்பார்கள். மே பத்தாம் தேதிவாக்கில் முதல் ஊசி.

மாடியில் இருக்கும் இளைஞர் ஒருத்தர் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த ஆளுக்கு அதிர்ஷ்டம்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

நன்றாகச் சாப்பிடு. ஹெர்ரிங் பிடிக்கவில்லை என்றால் டோர்ட்டேயிடம் சொல்லித் தொலை.

அக்கா

---

ஸ்ட்ரால்சுண்ட்,
11 மே 2017

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ நலம்தானா? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. முந்தைய கடிதத்தை டோர்ட்டே குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், "எட்டு" என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு.

நேற்று மே பத்து. மருத்துவமனையில் இன்னும் வரவில்லை என்றார்கள். ஒரு நாள் இரண்டு நாள் முன்னே பின்னே ஆகும்தான். கேட்டு வைக்கலாமே என்று எழுதினேன், அவசரம் ஒன்றும் இல்லை.

பெந்தெகொஸ்து விடுமுறைக்கு வாயேன். நீ இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. அறுவைக்கு வந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை, அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் அதிகம் பேசமாட்டேன், உனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஹென்னிங்

---

டியூபிங்கன்,
18 மே 2017

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஒரு புரதத் துண்டு எதிர்பார்த்தபடி அமையவில்லை. அதை மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. இப்படி நேர்வது உண்டு. ஜூன் கடைசியில் தயாராகிவிடும்.

டோர்ட்டேக்கு என் அன்பு.

ரோஸ்வித்தா

---

ஸ்ட்ரால்சுண்ட்,
29 மே 2017

அன்புள்ள அண்ணிக்கு,

டோர்ட்டே எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எழுதக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால் நீங்கள் எனக்குப் பதில் போட்டால் என் அலுவலக விலாசத்துக்குப் போடுங்கள்.

போன சனிக்கிழமை முரல் மீன் வாங்கி வந்து நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து அந்த மீனுக்கே உரிய பச்சை முள்ளைக் காட்டிச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. பிறகு நாற்காலியோடு சாய்ந்தார். வலிப்பு. ஆம்புலன்ஸ் வந்து, ஸ்கேன் எடுத்தார்கள். அறுத்த இடத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. "கதிர்வீச்சோட வீக்கமா இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம்" என்கிறார்கள்.

வீக்கம் குறைய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும், தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்று டாக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் பாதியைத்தான் விழுங்குகிறார். மீதியைச் சட்டைப் பையில் கண்டுபிடித்தேன். தலைவலி தாங்காமல் நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கிறார், அண்ணி. "ஏன் இப்பிடிப் பண்றீங்க, முழுசா போடுங்களேன்" என்று கெஞ்சினேன். "அக்கா ஊசி... வருது" என்றார். இவ்வளவு சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா?

கொஞ்சம் சீக்கிரம் செய்ய முடியாதா? உங்கள் கையில் இருப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் முன்னால் கிடைத்தால்கூடப் போதும்.

உங்கள்,
டோர்ட்டே

---

ஸ்ட்ரால்சுண்ட்,
16 ஜூலை 2017

அக்காவுக்கு,

நலம். ஊசி ஆரம்பித்தாகிவிட்டது. ஜூன் 29 முதல் ஊசி. இதுவரை மூன்று. தொடையில் ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து, கட்டி கட்டியாக வீங்கி, அரிக்கிறது. தாதி பார்த்துவிட்டு, "நல்லது, ரொம்ப நல்லது" என்றாள். என் உடம்பு சண்டைக்கு நிற்கிறதாம். ராத்திரி அரிக்கும்போது உன்னைத் திட்டுகிறேன், பிறகு நன்றி சொல்கிறேன்.

எழுதக் கஷ்டமாக இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள். வலது கை பேனாவைப் பிடித்திருப்பதை மறந்துவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதம் எல்லாம் ஆபீஸ் கடிதம் மாதிரி ஆகிவிட்டது. டோர்ட்டே உனக்கு எழுதினாள் என்று எனக்குத் தெரியும், அவள் முகம் எதையும் மறைக்காது. நீ அவளுக்குப் பதில் போடவில்லை. நான் வலிப்பை உன்னிடம் மறைத்தேன். நீ எதை மறைக்கிறாய்?

கோபம் இல்லை. சும்மா கேட்கிறேன்.

ஹென்னிங்

---

டியூபிங்கன்,
24 ஆகஸ்ட் 2017

என் தம்பி ஹென்னிங்குக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்க எனக்கு உரிமை இல்லை. இந்தக் கடிதத்தை ஐந்து வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

புரதத் துண்டு அமையவில்லை என்று நான் எழுதியது பொய். எட்டும் நன்றாகவே அமைந்தன. கெட்டது என் கையில்.

ஏப்ரல் 19. புதன்கிழமை காலை. கழுவி, அங்கி மாட்டி, இரட்டைக் கையுறை போட்டு உள்ளே போனேன். பத்துக் குப்பி வரை எல்லாம் எப்போதும்போல் நடந்தது. பதினோராவதை நிரப்பி எடுக்கும்போது என் வலது சுட்டுவிரல், நாங்கள் உள்ளே கைவிட்டு நிரப்பும் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பில் உரசியது. அவ்வளவுதான். ஒரு உரசல். அந்த விரலோடு குப்பியின் வாயைத் தொட்டேனா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. விதி என்னவென்றால், சந்தேகம் வந்தால் அந்தக் குப்பியைத் தள்ளிவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு, தாளில் எழுதிவிட்டு மேலே தொடர வேண்டும். வேறு யாருடைய எண்ணாக இருந்தாலும் யோசிக்காமல் தள்ளியிருப்பேன். எத்தனையோ தள்ளியிருக்கிறேன்.

தள்ளினால் உனக்குப் பத்துக்குப் பதில் ஒன்பது. ஒன்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. கையுறையை மாற்றினேன். குப்பியை மற்றவற்றோடு வைத்தேன். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

சோதனைக்கு இரண்டு குப்பிகளைச் சீட்டு எடுத்துத்தான் பொறுக்குவார்கள். நாலாவது வந்தது. பதினோராவது வந்தது.

மே 2 அன்று பதினோராவதில் கலங்கல் தெரிந்தது. ஒன்றில் கிருமி என்றால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். மற்றப் பதினொன்றும் சுத்தமாகவே இருந்திருக்கும் ஹென்னிங். அன்று அதைத் தள்ளியிருந்தால் மே பத்தாம் தேதி உனக்கு ஊசி போட்டிருப்பார்கள். கையிருப்பு தீர்ந்துபோன மூன்று துண்டுகளை மறுபடி செய்து, மறுபடி நிரப்பி, மறுபடி காத்திருந்து, ஏழு வாரம் போயிற்று. அந்த ஏழு வாரத்தில்தான் உனக்கு வலிப்பு வந்தது. ஸ்கேனில் வெள்ளை தெரிந்தது.

விசாரணைத் தாளில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் முறை நான் நிரப்பவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி இன்னொருத்தியிடம் விட்டேன். அவள் இருபத்தெட்டு வயதுப் பெண், உன்னை யாரென்றே தெரியாதவள். பன்னிரண்டும் பழுதில்லாமல் வந்தன. உன் தொடையில் அரிப்பது அவள் கை வேலை. என் கை இல்லை.

பெந்தெகொஸ்துக்கு வரச் சொன்னாய். டோர்ட்டே சீக்கிரம் செய்யச் சொல்லி எழுதினாள். இரண்டுக்கும் பதில் சொல்ல என்னிடம் முகம் இல்லை. மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

ரோஸ்வித்தா

---

ஸ்ட்ரால்சுண்ட்,
16 செப்டம்பர் 2017

ரோஸ்வித்தா,

ஹென்னிங் 14ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு வீட்டிலேயே இறந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். வலி இல்லை. ஐந்து ஊசிக்குமேல் போட முடியவில்லை.

உங்கள் கடிதம் ஆகஸ்ட் 28 அன்று வந்தது. நான்தான் பிரித்தேன். அவருக்குப் படித்துக் காட்டவில்லை. உங்கள் பாரத்தை இறக்கி வைக்க அவர் படுக்கைதான் கிடைத்ததா உங்களுக்கு?

மே மாதத்தில் அவர் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். கப்பல்துறைக்குத் தானே நடந்து போனார். ஜூலையில் ஸ்பூனைப் பார்த்து இது எதற்கு என்று யோசித்தார். ஏழு வாரம் என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நான் அதில் ஒவ்வொரு நாளையும் பார்த்தேன்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. வராதீர்கள்.

டோர்ட்டே பாகெல்

---

டியூபிங்கன்,
5 டிசம்பர் 2017

அன்புள்ள டோர்ட்டேக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நீ வராதே என்றாய், வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டு ஜன்னல்களையெல்லாம் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

இதற்குப் பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதால் எழுதுகிறேன்.

அக்டோபரில் எங்கள் பிரிவுத் தலைவி டாக்டர் ஷ்வெங்க்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி என்பதையும், பதினோராவது குப்பியையும்.

"இத்தனை மாசமா எப்படி உங்களால இங்க உட்கார்ந்து சாப்பிட முடிஞ்சுது?" என்று கேட்டார்.

"முடியல. அதனாலதான் வந்தேன்" என்றேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்திருப்பேனே, ரோஸ்வித்தா. அவ்வளவுதானே நடந்திருக்கும்?"

அவ்வளவுதான் நடந்திருக்கும்.

விசாரணைத் தாளைத் திருத்தியாயிற்று. இப்போது நான் கிடங்கில், வரும் பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கிறேன். தூய அறைக்குள் இனி நான் போக முடியாது. அங்கே இப்போது ஒருவர் நிரப்ப இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். எனக்குப் பிறகு வந்த விதி அது.

மீதி இருந்த ஐந்து குப்பிகளையும் போன வாரம் அழித்தார்கள். வேறு யாருக்கும் உதவாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். ஆகஸ்டில் ஹென்னிங்கின் ரத்தம் எடுத்தார்களே, அதன் முடிவு வந்துவிட்டது. எட்டில் இரண்டு துண்டுகளை அவன் வெள்ளை அணுக்கள் அடையாளம் கண்டுகொண்டன. பலமாகவே. ஊசி பிடித்திருக்கிறது, டோர்ட்டே. அதற்குள் கட்டி முந்திக்கொண்டது. ஏழு வாரம் முன்னால் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாடியில் ஒருத்தரைக் கேட்டேன். "தெரியாது. சில பேருக்கு உதவுது, பல பேருக்கு இல்ல. யாராலயும் சொல்ல முடியாது" என்றார். உதவியிருக்காது என்று அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் சொல்லவில்லை.

உனக்கு நல்லது நடக்கட்டும்.

ரோஸ்வித்தா

---

ஸ்ட்ரால்சுண்ட்,
6 மே 2018

அன்புள்ள அண்ணிக்கு,

டோர்ட்டே எழுதுகிறேன். நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், தூக்கம் வருகிறது. நீங்கள் முழங்காலோடு கிடங்கில் பெட்டி தூக்குகிறீர்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட நினைத்தேன். போடவில்லை. உதவியிருக்காது என்று பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. அதன் பிறகு நான் சொன்ன பொய்யோடு என்னால் இருக்க முடியவில்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அது எனக்கே தெரியாமல் நடந்தது. உங்கள் கடிதம் வந்தால் நான் தனியாகப் படிப்பதில்லை, கட்டிலோரம் உட்கார்ந்து பிரித்து உரக்கத்தான் படிப்பேன். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "கெட்டது என் கையில்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வாரம் அவரால் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. என் கையை விடவில்லை. "படி" என்றார். முழுக்கப் படித்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார், பத்துக்குப் பதில் ஒன்பது என்று வருமே, அங்கே.

"ஒம்பது போதாதா... அவளுக்கு" என்றார். சிரித்தார், அண்ணி. பாதி முகத்தால் சிரித்தார்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்? உங்கள் மேல் வந்ததைவிட அவர் மேல்தான் அதிகம் வந்தது. "சிரிக்கிறீங்களா? எட்டு மாசமா நான் படறத பாத்துமா சிரிக்கிறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு, "எழுது" என்றார். உங்களுக்குப் பதில் எழுதச் சொல்லி, வார்த்தை வார்த்தையாக, இடையில் கண்ணை மூடி மூடிச் சொன்னார். அரைமணி நேரம் ஆயிற்று. சரி, எழுதுகிறேன் என்றேன்.

எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அவர் சொன்னது உங்களுக்குத் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன்.

அவர் மறக்கவில்லை. மறுநாள் "எழுதினியா?" என்று கேட்டார். "எழுதிட்டேன்" என்றேன். அடுத்த வாரம் கேட்டார். கடைசி இரண்டு நாள் என் பெயர்கூட அவருக்கு வரவில்லை, "எழுதினியா" மட்டும் வந்தது. "எழுதிட்டேன், தபால்ல சேத்துட்டேன்" என்று காதருகே சொன்னேன். தலையை அசைத்தார். அவரிடம் நான் கடைசியாகப் பேசியதே அதுதான்.

நீங்கள் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு நாள் மன்னிப்பேனா, தெரியாது. நான் செய்ததை நீங்கள் மன்னிப்பீர்களா என்றும் தெரியாது. ஜூனில் கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கிறார்கள். அதற்கு வாருங்கள். என் வீட்டிலேயே தங்குங்கள். நாம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

அவர் உங்களுக்கு எழுதச் சொன்னது இது:

"அக்கா, நானா இருந்தாலும் அந்தக் குப்பிய மத்ததோட சேத்துத்தான் வெச்சிருப்பேன்."

எழுதிவிட்டேன்.

டோர்ட்டே